7,812 மைல் மட்டுமே ஓடிய எல்டொராடோவை வாங்கிய அனுபவம்

நான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். 1976-ஆம் ஆண்டில் தயாரான, 7,812 மைல் மட்டுமே ஓடியிருந்த மேற்கூரை மடங்கும் கேடிலாக் எல்டொராடோ கன்வர்ட்டிபிள் கார் ஒன்றை அரிசோனாவில் இருந்த ஒருவரிடமிருந்து 26,500 டாலருக்கு வாங்கினேன். அதை அச்சமில்லாமல் சாலையில் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர மேற்கொண்டு 10,780 டாலரும் ஒரு கோடைக்காலம் முழுவதும் தேவைப்பட்டன. விற்றவர் என்னை ஏமாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மைல் கணக்கு உண்மை, பெயிண்ட் உண்மை, உள்ளே இருந்த தோல் இருக்கைகளும் தொழிற்சாலையில் தைத்தவையே. பழைய கார் வாங்குபவர்களுக்கு வழங்கப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மோசடியைப் பற்றியவை. மோசடி சிறிதும் இல்லாத, இரு தரப்பும் நேர்மையாக நடந்துகொண்ட ஒரு விற்பனையிலும் பணம் இப்படிக் கரையக்கூடும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் குறிப்பிட்ட மாடலில் குறைந்த மைல் ஓடிய கார்கள் இன்றும் அவ்வப்போது விற்பனைக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. எழுபதுகளின் நடுப்பகுதியில் மேற்கூரை மடங்கும் கார்களின் விற்பனை சரிந்துகொண்டே வந்தது. குளிர்சாதன வசதி பரவியதும், கார் கவிழ்ந்தால் பயணிகளைக் காக்கும் வகையில் கூரை இருக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவரக்கூடும் என்ற அச்சமும் சேர்ந்து, அமெரிக்க நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அவற்றைக் கைவிட்டன. கடைசியில் எஞ்சியது எல்டொராடோ மட்டுமே. 1976-இல் சுமார் 14,000 கன்வர்ட்டிபிள்களைச் செய்து முடித்துவிட்டு, அந்த ஆண்டு ஏப்ரலில் டெட்ராய்ட்டின் கிளார்க் தெரு ஆலையில் கேடிலாக் உற்பத்தியை நிறுத்தியது. இறுதியாக வந்த 200 கார்கள் வெள்ளை உடல், வெள்ளைக் கூரை, சிவப்பும் நீலமுமான மெல்லிய கோடுகளுடன் ஒரே மாதிரியாகச் செய்யப்பட்டன. இனி இப்படி ஒரு கார் வராது என்று நம்பிய பலர், அன்றைய விலையான சுமார் 11,000 டாலருக்கும் மேலே கொடுத்து வாங்கி, ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்திவைத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மற்ற நிறுவனங்கள் கன்வர்ட்டிபிள்களைத் திரும்பக் கொண்டுவர, 1984-இல் கேடிலாக்கும் எல்டொராடோவையே மடங்கும் கூரையுடன் மீண்டும் விற்கத் தொடங்கியது. 'கடைசிக் கார்' என்று நம்பி வாங்கிய சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். ஆகவே விளம்பரத்தில் 'அரிய கார்' என்ற சொல்லைக் கண்டால், 14,000 என்ற எண்ணை நினைத்துக்கொள்வது நல்லது. வெள்ளை நிறத்தில் இருப்பவை எல்லாம் அந்த இறுதி 200-ஐச் சேர்ந்தவையும் அல்ல.

நான் பார்த்த விளம்பரத்தில் இருந்தது அடர் சிவப்பு நிறக் கார். முதல் உரிமையாளர் இறந்துவிட, அவருடைய மகன் அதை விற்பனைக்கு வைத்திருந்தார். 7,812 மைல் என்ற எண் எனக்குள் ஏற்படுத்திய பரபரப்பை மறைக்க விரும்பவில்லை. அன்று இரவு உறக்கமே வரவில்லை. ஆனாலும் உதிரிபாகங்கள் செய்யும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால் எண்ணை அப்படியே நம்பிவிடவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் முழு மைல்களுக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999-ஐத் தாண்டினால் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். எனவே 07,812 என்று காட்டுவது உண்மையில் 1,07,812 ஆகவும் இருக்கலாம். சட்டமும் இங்கே துணைக்கு வராது. விற்கும்போது மைல் கணக்கை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற கூட்டரசு விதி இவ்வளவு பழைய வாகனங்களுக்குப் பொருந்தாது. வாகனத்தின் உரிமையைக் காட்டும் டைட்டில் பத்திரத்தில் 'விலக்கு அளிக்கப்பட்டது' என்று மட்டுமே இருக்கும். விற்பவர் சொல்லும் எண்ணுக்கு அந்தப் பத்திரம் சாட்சி ஆகாது.

ஆகவே வேறு சாட்சிகளைத் தேட வேண்டியிருந்தது. பிரேக் மிதியின் ரப்பரில் உள்ள வரிகள் தேய்ந்திருக்கின்றனவா, ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் கம்பளம் மெலிந்திருக்கிறதா, ஓட்டுநர் கதவைத் திறந்து லேசாகத் தூக்கினால் கீல் ஆடுகிறதா, இருக்கையின் வெளி ஓரத்துத் தோல் மடிந்து வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் நெருக்கமான படம் கேட்டேன். டிக்கியில் கிடந்த உபரி டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த டயர்களில் வாரத்தையும் ஆண்டையும் காட்டும் எண் நான்கு இலக்கமாக இருக்கும். அதற்கு முன் வந்தவற்றில் மூன்று இலக்கம் மட்டுமே. இந்த உபரி டயரில் மூன்றே இலக்கங்கள், ஆண்டைக் காட்டும் கடைசி இலக்கம் 6; தொழிற்சாலையிலிருந்து காருடன் வந்த டயர் என்பதோடு அது பொருந்தியது. ஆயில் மாற்றியபோதெல்லாம் கதவு விளிம்பில் ஒட்டிய சீட்டுகளும், தந்தையார் பத்திரப்படுத்தியிருந்த சர்வீஸ் ரசீதுகளும் மைல் எண்கள் சிறுகச் சிறுக ஏறியதைக் காட்டின. இவை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. ஓடோமீட்டரை மட்டும் நம்பாமல், வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைக்கும் சிறு அடையாளங்கள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்கும் இந்த முறையை இன்றும் நான் பரிந்துரைப்பேன்.

ஆவணங்களில் சில நுணுக்கங்கள் உண்டு. 17 எழுத்துகள் கொண்ட வாகன அடையாள எண் 1981 மாடல்களிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய கார்களின் எண்ணைக் கொடுத்தால், வாகன வரலாற்றை விற்கும் இணையச் சேவைகள் பெரும்பாலும் எதையும் தருவதில்லை. 1976 கேடிலாக்கில் 13 இடங்கள். முதலில் வரும் 6 கேடிலாக்கையும், அடுத்த எல் என்ற எழுத்து எல்டொராடோவையும், 67 கன்வர்ட்டிபிள் உடலையும், நடுவில் வரும் இன்னொரு 6 ஆண்டையும், க்யூ என்ற எழுத்து டெட்ராய்ட் ஆலையையும் குறிக்கும். முன்கண்ணாடி வழியாகத் தெரியும் தகட்டில் உள்ள எண்ணும் டைட்டிலில் உள்ள எண்ணும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டும். எங்கள் விற்பனையில் தாமதம் வேறொரு வகையில் வந்தது. டைட்டில் இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருந்தது. மகன் வாரிசு ஆவணங்களைக் கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றி, நோட்டரி முன்னிலையில் கையொப்பமிட்ட பிறகே பணம் அனுப்புவேன் என்று உறுதியாக இருந்தேன். ஆறு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலம் முழுவதும் வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பதற்றம் என்னைப் பிடித்து ஆட்டியது உண்மைதான். ஆனால் இறந்தவர் பெயரில் உள்ள டைட்டிலை வாங்கிக்கொண்டு வேறொரு மாநிலத்தின் வாகன அலுவலகத்தில் போய் நிற்பதை விட அந்தப் பதற்றம் எவ்வளவோ மேல்.

காத்திருந்த நாட்களில், அரிசோனாவின் பீனிக்ஸ் பகுதியில் பழைய கார்களைப் பார்த்து அறிக்கை தரும் ஒருவரை 350 டாலருக்கு அமர்த்தினேன். நூற்றுக்கு மேற்பட்ட படங்களும், பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி காட்டிய எண்களும், எஞ்சின் ஓடும் காணொளியும் வந்தன. துரு இல்லை, விபத்து இல்லை, எஞ்சின் எளிதாகக் கிளம்புகிறது என்றது அறிக்கை. அவை எல்லாம் சரியே. அறிக்கையில் இல்லாதவை எவை என்பதுதான் பின்னர் எனக்குப் பெரும் செலவாக வந்தது. காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் இருந்து தெருமுனை வரை மட்டுமே ஓட்டினார்கள். பெட்ரோல் தொட்டியிலிருந்து மாதிரி எடுக்கவில்லை. பிரேக் திரவத்தின் நிறத்தைப் பார்க்கவில்லை. இப்படிக் காரைச் சோதிப்பவரை அமர்த்துபவர்கள், அருகில் உள்ள ஒரு மெக்கானிக் கடைக்குக் காரைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்ற வேண்டும், குறைந்தது அரை மணி நேரமாவது நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். கூடுதலாக 200 டாலர் ஆகும். விற்பவர் அதற்கு இசையாவிட்டால், அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

மூடிய டிரெய்லரில் ஏற்றி மிச்சிகனுக்குக் கொண்டுவர 2,400 டாலர் ஆயிற்று. கார் வந்திறங்கியபோது பின்பக்க பம்பருக்கும் உடலுக்கும் இடையில் இருந்த வளையும் பிளாஸ்டிக் துண்டுகளில் ஒன்று உடைந்து, டிரெய்லரின் தரையில் தூளாகக் கிடந்தது. வண்டி கொண்டுவந்தவர் மீது எனக்குக் கோபம் வந்தது. மெல்லத் தொட்டுப் பார்த்தபோது மற்றொரு துண்டும் என் விரலோடு உதிர்ந்து வந்தது. மோதலின்போது பம்பர் உள்வாங்கித் திரும்ப வேண்டும் என்று 1973-இல் வந்த விதிகளுக்காக, அந்த இடைவெளியை மறைக்க வைத்த நெகிழ்ச்சியான துண்டுகள் இவை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வெயிலும் காலமும் இவற்றை மட்கச் செய்துவிடும். இவற்றின் மேலும் பெயிண்ட் இருந்ததால் படங்களில் புதிதாகத் தெரிந்தன. கண்ணாடியிழையால் செய்த மாற்றுத் துண்டுகளுக்கும், அவற்றுக்கு நிறம் பொருத்திப் பெயிண்ட் அடிப்பதற்கும் சேர்த்து 1,350 டாலர். இந்தக் கால கேடிலாக்கை நேரில் பார்க்கச் செல்பவர்கள் முதலில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, போக்குவரத்து குறைவாக இருக்கும் என்று எண்ணி, காரை ஐ-275 நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனேன். 8.2 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ ஐந்தே முக்கால் மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்கு மேல் எடை. அவ்வளவு பெரிய வண்டி அறுபது மைல் வேகத்தில் சத்தமே இல்லாமல் போனபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை. சில மைல்கள் கழித்து எஞ்சின் இருமத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. நடுத் தடத்தில் இருந்தபோதே எஞ்சின் அணைந்துவிட்டது. எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் உதவியும் போய்விடும். பின்னால் ஒரு பெரிய லாரி ஒலியெழுப்பிக்கொண்டே வர, இரு கைகளாலும் ஸ்டீயரிங்கை இழுத்து எப்படியோ ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன். முன் வலது சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம் வேறு. இழுவை வண்டி வரும் வரை சாலைத் தடுப்புக்கு அப்பால் புல்லில் உட்கார்ந்திருந்தேன், கைகள் நடுங்கின. வீட்டில் மனைவியிடம் பேட்டரி பழுது என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்லப் பல வாரங்கள் ஆயின.

எஞ்சின் நின்றதற்குக் காரணம் பெட்ரோல் தொட்டி. அமெரிக்காவில் இன்று விற்கும் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் பாதி நிரம்பிய தொட்டிக்குள் பெட்ரோல் பிசினாக உறைந்தது, மேல் பாதி துருப்பிடித்தது. தெருமுனை வரை ஓட்டும்போது இது வெளிப்படாது; நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதல் எரிபொருளைக் கேட்கும்போதுதான் தொட்டியின் அடியில் இருந்த தூள் எழும்பி வடிகட்டியை அடைக்கும். தொட்டி, பம்ப், ரப்பர் குழாய்கள், கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பகுதிகள் ஆகிய அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் பொருளில் மாற்ற 1,850 டாலர். ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாததால் பழைய எஞ்சின்கள் கெடும் என்று சிலர் அச்சுறுத்துவார்கள். 1975-லிருந்து வந்த கேடிலாக்குகள் ஈயமற்ற பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டவை, ஆகவே அந்தக் கவலை இந்தக் காருக்கு வேண்டியதில்லை. காரைப் பார்க்கும்போது பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் போன்ற புளித்த வாடை வந்தால், இந்த 1,850 டாலரை அங்கேயே விலையிலிருந்து கழிக்கலாம்.

கருகிய நாற்றத்துக்குக் காரணம் பிரேக்கின் ரப்பர்க் குழாய். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருந்த அந்தக் குழாய் உள்ளே வீங்கியிருந்தது. மிதியை அழுத்தும் விசை திரவத்தை உள்ளே தள்ளிவிடும்; காலை எடுத்த பின் திரவம் திரும்பி வர வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். பின் சக்கரங்களின் நிலை இன்னும் மோசம். 1976 எல்டொராடோவில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் காலிப்பர் என்ற பகுதிக்குள்ளேயே, பின்பக்கத்தில், பார்க்கிங் பிரேக்கின் பொறியும் அமைந்திருப்பதால், பார்க்கிங் பிரேக்கைப் பயன்படுத்தாமல் விட்டால் அது இறுகிவிடும். திரவத்தில் சேர்ந்த ஈரம் உள்ளே துருவை உண்டாக்கி இரண்டு காலிப்பர்களையும் அசையவிடாமல் செய்துவிட்டது. அவை எளிதில் கிடைக்கும் பொருள்கள் அல்ல. பழையவற்றையே அனுப்பிப் புதுப்பித்து வாங்க வேண்டியிருந்தது. மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசிக் குழாய் வரை மாற்ற 2,300 டாலர். எந்தச் செலவை ஒத்திப்போட்டாலும் பிரேக்கை ஒத்திப்போட முடியாது. பிரேக் திரவம் காபி நிறத்தில் இருந்தால், அதன் வழியில் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் எழுபதுகளின் கேடிலாக்குகளோடு வாழ்நாளைக் கழித்த, ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக்கின் அறிமுகம் கிடைத்தது. அவர் காரைச் சுற்றி வந்து பாராட்டவில்லை. மைல் எண்ணைக் கேட்டதும் முகம் சுளித்தார். தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, எஞ்சினின் முன்புறத் தண்டை ஒரு பெரிய ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்பி, உள்ளே இருக்கும் ரோட்டர் எவ்வளவு தாமதமாக அசைகிறது என்று எனக்குக் காட்டினார். அந்தத் தாமதம், எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க உதவும் டைமிங் செயின் தளர்ந்திருப்பதற்கான அடையாளம். சத்தத்தைக் குறைப்பதற்காக அந்தக் காலத்தில் அந்தச் செயின் சுழற்றும் கேம் சக்கரத்தின் பற்களுக்கு நைலான் உறையிட்டிருந்தார்கள். வெப்பத்திலும் வயதிலும் நைலான் வெடித்து, துண்டுகள் ஆயில் தொட்டியில் விழுந்து, ஆயில் பம்பின் வாயை அடைக்கும். செயின் பல் தாண்டினால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். முன்பக்க மூடியைக் கழற்றியபோது பல பற்களில் நைலான் இல்லை. முழுவதும் உலோகத்தாலான சக்கரம், புதிய செயின், தண்ணீர் பம்ப், ஆயில் தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தல் என எல்லாம் சேர்த்து 1,650 டாலர். நாற்பதாயிரம் மைல் ஓடிய காராக இருந்திருந்தால் இந்த வேலையை யாராவது எப்போதோ செய்து முடித்திருப்பார்கள், உன் காருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை என்றார் அவர்.

அவர் சொன்னதுதான் இந்த அனுபவத்தில் எனக்கு விளங்கிய முதன்மையான விஷயம். குறைந்த மைல் என்பது உலோகம் தேயவில்லை என்பதற்குச் சான்று. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் திரவங்களுக்கும் அது சான்றாகாது. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் தரையில் கீறல் இல்லை என்பதற்காக அதன் குழாய்களும் மின்கம்பிகளும் புதியவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அரிசோனாவின் உலர்ந்த காற்று இரும்பைக் காத்தது. அதே காற்று ரப்பரை வற்றவைத்துவிட்டது. காரில் ஓடிக்கொண்டிருந்த டயர்களின் எண் 2309. அதாவது 2009-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரம். வரிகள் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். வெள்ளைப் பட்டையுள்ள 235/75ஆர்15 அளவில் ஐந்து டயர்களுக்கு 1,150 டாலர். இந்த மாடல் முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது. அந்த அச்சுகளின் மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகள் கிழிந்து கிரீஸ் சிதறியிருந்ததால் இன்னும் 480 டாலர்.

கூரையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1971 முதல் 1976 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கன்வர்ட்டிபிள்களில் கூரையின் சட்டம் கத்தரிக்கோல் போல உள்நோக்கி மடங்கும். இதனால் பின் இருக்கை முழு அகலத்துக்குக் கிடைக்கும். ஒரே மின்மோட்டார் இரண்டு கேபிள்களைச் சுழற்ற, அவை இரு பக்கத்துப் பல்சக்கரப் பெட்டிகளை இயக்கும். ஒரு பக்கம் பழைய கிரீஸ் இறுகிப் பின்தங்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு வளைந்துவிடும். என் காரில் ஒரு பக்கம் ஒரு சாண் முன்னால் போனதைக் கண்டதும் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். அதனால் சட்டம் தப்பியது, கேபிளுக்கும் பெட்டிகளுக்கும் மட்டும் 900 டாலர். கூரையை இயக்கிப் பார்க்கும்போது இருவர் இருபுறமும் நின்று, இரண்டு பக்கமும் சமமாக எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விளம்பரக் காணொளியில் கூரை ஏற்கனவே மடங்கிய நிலையில் இருந்தால், ஏறி இறங்குவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குளிர்சாதனத்துக்கு 1,100 டாலர் ஆயிற்று. அதற்குரிய ஆர்-12 வாயுவின் உற்பத்தி அமெரிக்காவில் 1995 இறுதியோடு நின்றுவிட்டதால், கசிவைத் தடுக்கும் சீல்களைப் புதிதாக்கி ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்றினோம். மிச்சிகனில் கூரையைத் திறந்து ஓட்டும் ஒருவர் இந்தச் செலவைத் தாராளமாக ஒத்திப்போடலாம்.

மொத்தக் கணக்கு இது: காருக்கு 26,500, காரைச் சோதித்தவருக்கு 350, டிரெய்லருக்கு 2,400, மிச்சிகனின் ஆறு விழுக்காடு விற்பனை வரி 1,590, பழுதுகளுக்கு 10,780, ஆக 41,620 டாலர். இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும் பெரிய தொகை என்றால் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. 35 லட்சத்தைத் தாண்டியதும் கால்குலேட்டரை மூடிவைத்தேன். ஜூலை மாதத்தில் கார் கொட்டகையில் சக்கரங்கள் இல்லாமல் நின்றது. அலுவலகத்திலிருந்து வந்ததும் அந்தப் பக்கம் போகவே மனம் வரவில்லை. விற்றுவிடலாம் என்று விளம்பரம் எழுதியும் வைத்தேன். கழற்றிப்போட்ட காரை யார் வாங்குவார்கள் என்று தோன்றியதால் வெளியிடவில்லை. ஒரு வார இறுதியில் மனைவியிடம் ரசீதுகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். அவர் கூட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒவ்வொரு ரசீதும் தம் கைக்கு வந்த பிறகே பணம் போக வேண்டும் என்றார். கோபத்தைவிட அந்த நிதானம் எனக்குக் கூடுதல் கூச்சத்தைத் தந்தது. ஆனால் அன்று முதல் வேலைகள் ஒழுங்குக்கு வந்தன. முதலில் பிரேக், பிறகு எரிபொருள், பிறகு எஞ்சின், பிறகு டயர், அழகு கடைசியில் என்று வரிசை போட்டு முடித்தோம்.

நான் இந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், ஒஹையோவில் 38,000 மைல் ஓடிய இன்னொரு 1976 எல்டொராடோ 19,000 டாலருக்கு விற்பனைக்கு இருந்தது. அதன் உரிமையாளர் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரம் மைல் அளவில் ஓட்டியிருந்தார். பிரேக், டைமிங் செயின், தொட்டி எல்லாம் மாற்றியதற்கான ரசீதுகள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், 30,000 மைல் குறைவாக ஓடியதற்காக 7,500 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள்; கூடவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வேலையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கண்காட்சியில் தொழிற்சாலை நிலையிலேயே வைக்க விரும்புபவர்களுக்கு அந்த விலை நியாயமாக இருக்கலாம். கேடிலாக் லாசால் கழகம் போன்ற அமைப்புகளின் போட்டிகளில் அசல் பெயிண்ட்டுக்கும் அசல் தையலுக்கும் மதிப்பு உண்டு. ஓட்டுவதற்காக வாங்குபவர் விற்பவரிடம் எவ்வளவு ஓடியது என்று கேட்பதோடு நிறுத்தாமல், கடந்த பத்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு ஓடியது, கடைசியாக எப்போது ஐம்பது மைல் தொடர்ந்து ஓடியது, பிரேக் குழாய்களும் பெட்ரோல் குழாய்களும் எந்த ஆண்டில் மாற்றப்பட்டன என்று கேட்க வேண்டும். பதில் ரசீதாக இருந்தால் கணக்கில் சேர்க்கலாம். 'எல்லாம் அசல், எதையும் தொட்டதில்லை' என்று பெருமையாகச் சொன்னால், மாற்ற வேண்டிய பட்டியலை அங்கேயே எழுதத் தொடங்கலாம்.

விலை பேசும்போது நான் இப்போது நண்பர்களுக்குச் சொல்லும் முறை எளியது. நீண்ட காலம் நின்ற இந்த அளவிலான காருக்கு எரிபொருள், பிரேக், டயர், டைமிங் செயின் ஆகிய நான்குக்கும் ஏறத்தாழ 7,000 டாலர் என்று வைத்து, விற்பவர் ரசீது காட்டும் வேலைகளை மட்டும் அதிலிருந்து நீக்கி, எஞ்சியதை விலையில் குறைக்கக் கேளுங்கள். குறை சொல்லும் தொனியில் கேட்டால் விற்பவர் புண்படுவார், குறிப்பாகப் பெற்றோரின் காரை விற்பவர்; பொருள்களின் ஆண்டையும் கடையில் கேட்டறிந்த விலையையும் தாளில் எழுதிக் காட்டினால் பேச்சு நடக்கும். காப்பீட்டைப் பொறுத்தவரை, சாதாரணக் கார் காப்பீடு இந்தக் காரை ஐம்பது வயதுப் பழைய வண்டியாக மட்டுமே மதிப்பிடும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும் பழைய கார் காப்பீட்டை டிரெய்லரில் ஏற்றும் நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எனக்கு ஆண்டுக்கு 420 டாலர் ஆகிறது. மிச்சிகனின் 'வரலாற்று வாகன' எண் தகடு மலிவானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு கண்காட்சிகளுக்கும் கழக நிகழ்ச்சிகளுக்கும் அணிவகுப்புகளுக்குமே போகலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் விருப்பம்போல ஓட்டலாம். டெட்ராய்ட் பகுதியின் வுட்வர்ட் சாலையில் பழைய கார்கள் திரளும் விழா ஆகஸ்டில் வருவதால் பலருக்கு அதுவே போதும். நின்றால் கெடும் என்று அறிந்துகொண்ட நான் சாதாரணத் தகடே எடுத்தேன். சாலையில் உப்புத் தூவாத மாதங்களில் வாரம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை ஓட்டுகிறேன். நவம்பரில் எத்தனால் இல்லாத பெட்ரோலால் தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைச் சேர்த்து, பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்யும் கருவியில் இணைத்து நிறுத்துகிறேன். ஓடோமீட்டர் இப்போது 11,000-ஐத் தாண்டிவிட்டது. கூடும் ஒவ்வொரு மைலும் விலையைக் குறைக்கிறது என்று காரைப் பார்க்க வந்த ஒரு வியாபாரி வருத்தப்பட்டார். அவரிடம் பிரேக் ரசீதுகளைக் காட்டினேன்; அவர் அவற்றைப் புரட்டக்கூட இல்லை.